ராத்திரி ரெண்டு மணி முறை

டெல்டாக்காரர்களுக்கு 'முறை' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். இந்த மடைக்கு இத்தனை மணி நேரம், அப்புறம் அடுத்த மடை. நடுச்சாமத்தில் முறை வந்தாலும் மண்வெட்டியோடு வரப்பில் நிற்க வேண்டும். பட்டினியில் எலும்பும் தோலுமாகக் கிடந்த குதிரையை மீட்டு வந்து கட்டினால், முதல் சில நாள் அதற்கும் இதே முறைதான் தேவை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் தீவனம்: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10, பின்னிரவு 2. ஒரே ஆள் இரண்டு நாள் தாக்குப்பிடிப்பார், மூன்றாம் நாள் அசந்து தூங்கிவிடுவார். ஆகவே குதிரைக் காப்பகம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது ஆறு ஆட்களை. கொட்டகை பிறகு போட்டுக்கொள்ளலாம்.

தஞ்சாவூர், கும்பகோணம் தெருக்களில் ஜட்கா என்ற குதிரைவண்டி ஓடிய காலம் போய்விட்டது. இப்போது இந்தப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர்கள், சாரட் வண்டிக்காரர்கள், திருக்கடையூர்ப் பக்கம் காணும் பொங்கல் ரேக்ளாவுக்காக வளர்ப்பவர்கள், கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் சவாரி விடுபவர்கள். கால் நொண்டினாலோ வயதானாலோ தீவனச் செலவு கட்டுபடியாகாமல் அவிழ்த்துவிடுகிறார்கள். அது காய்கறிச் சந்தையின் பின்பக்கம் குப்பையைக் கிளறி, பாலித்தீன் பையோடு சோற்றையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு திரியும். தூரம் போகாமல் இருக்க முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளை போட்டிருப்பார்கள். பட்டினியும் தாகமும் வரும் என்று தெரிந்தே ஒரு மிருகத்தைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம்.

கோடிக்கரைக் குதிரைகளை இதில் சேர்க்கக் கூடாது. அங்கே காட்டுக்குள் திரியும் மட்டக்குதிரைகள் பல தலைமுறையாகத் தாமாகவே வாழ்ந்து பழகியவை. 1967இல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது, பொறுப்பு வனத்துறையுடையது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மான்களோடு இந்தக் குதிரைகளும் மாண்டன. அடிபட்ட குதிரையைப் பார்த்தால் வன அலுவலகத்துக்குத் தகவல் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிஸ்கட், பன் நீட்டுவது அவற்றை ரோட்டுக்கு இழுத்து வந்து வண்டியில் அடிபட வைக்கும் வேலை.

ஊருக்குள் திரியும் குதிரை பெரும்பாலும் யாருடையதாவதாகத்தான் இருக்கும். எனவே கயிற்றைப் போடுமுன் விசாரிக்க வேண்டும். டீக்கடை, லாடம் அடிப்பவர், மண்டபத்து வாட்ச்மேன், இந்த மூவரிடம் கேட்டால் முக்கால்வாசி விவரம் வந்துவிடும். உரிமையாளர் கிடைத்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் காவல் நிலையத்திலும் நகராட்சியிலும் எழுத்தில் கொடுத்து, நாலு பக்கமும் படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962. நாள்பட்ட கேஸ் என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஏற்றிக்கொண்டு வருவதற்குக் குட்டியானை எனப்படும் சின்னச் சரக்கு வண்டி போதும், ஆனால் தரையிலிருந்து தட்டுக்கு ஏற்றுவதுதான் பாடு. நாலு பேர் சேர்ந்து தூக்கித் தள்ளினால் குதிரை மிரண்டு பின்னால் சாயும், இடுப்பு அடிபடும். டெல்டாவில் எங்கு பார்த்தாலும் வாய்க்கால் கரை இருக்கிறது. வண்டியைக் கரையின் அடியில் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தி, பின்கதவை இறக்கிக் கரை மேல் படியவிட்டால் குதிரை சமதரையில் நடப்பதுபோல் உள்ளே போய்விடும். தட்டில் இரண்டு அங்குலம் மணலோ ஈர வைக்கோலோ பரப்பாவிட்டால் இரும்பில் குளம்பு வழுக்கும். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சுதான் போட வேண்டும். விழுந்துவிட்ட குதிரையின் கழுத்தில் முடிச்சு இறுகினால் கத்தியைத் தேட நேரமிருக்காது.

சேற்றில் புதைந்த குதிரையைத் தலையையோ வாலையோ காலையோ பிடித்து இழுக்கவே கூடாது. சேறு காலைக் கவ்விப் பிடித்திருக்கும். மோட்டார் குழாயால் காலைச் சுற்றித் தண்ணீர் பாய்ச்சினால் அந்தப் பிடி விடும். பிறகு தீயணைப்புத் துறையினரின் பழைய கேன்வாஸ் குழாயை, தட்டையாக இருப்பதால் தோலை அறுக்காது, முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிக் கொடுத்து இழுக்க வேண்டும்.

வந்து சேர்ந்ததும் எடை பார்க்க வேண்டும். தராசு தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவு. தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை. சுற்றளவு 130, நீளம் 125 என்றால் சுமார் 178 கிலோ. ஒவ்வொரு மருந்தும் இந்த எண்ணை வைத்துத்தான். கண்மதிப்பில் 250 என்று சொல்லிவிட்டால் குடற்புழு மருந்து கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகப் போய்விடும். முதல் நாளே புழு மருந்து கொடுப்பதும் சரியில்லை. புழுக்கள் மொத்தமாகச் செத்தால் நலிந்த குடல் தாங்காது. லத்தியைப் பரிசோதித்து, எப்போது என்பதை மருத்துவர் சொல்லட்டும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போட்டுவிடாதீர்கள். குதிரைக்கு அது வாய்வழி மருந்து.

தீவனத்துக்கு வருவோம். நிறையக் குதிரைகள் சாவது இங்கேதான், அதுவும் அன்பால். எலும்பு தெரியும் குதிரையைப் பார்த்ததும் தெருவே திரண்டு வரும். ஒருவர் ஒரு படி கொள்ளு அவித்துக் கொண்டுவருவார், ஒருவர் வெல்லம், இன்னொருவர் ஒரு தார் வாழைப்பழம். குதிரை ஆவலாகத் தின்னும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கும். 'கொண்டுவந்தும் பிழைக்கலையே' என்பார்கள். நடந்தது வேறு. பட்டினியில் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே உயிரைப் பிடித்து வைத்திருக்கும். மாவும் இனிப்பும் திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் மிச்சமிருந்த பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் அது திசுக்களுக்குள் இழுத்துவிடும். பிறகு இதயமும் மூச்சும் நின்றுபோகும்.

அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளியில் பட்டினிக் குதிரைகளுக்கு ஓட்ஸ் தானியம், காய்ந்த ஓட்ஸ் புல், குதிரை மசால் (லூசர்ன்) மூன்றையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குதிரை மசாலே பத்திரம் என்று தெரிந்தது. அதில் மாவுச்சத்து குறைவு, பாஸ்பரஸும் மக்னீசியமும் அதிகம். நம் மொழி அந்தப் பயிருக்குக் குதிரையின் பெயரையே வைத்திருக்கிறது! அவர்கள் சொன்ன கணக்கு 450 கிலோ குதிரைக்கு: முதல் 3 நாள் காய்ந்த குதிரை மசால் வேளைக்கு 450 கிராம், நாளைக்கு 6 வேளை. நம் 180 கிலோ மட்டக்குதிரைக்கு அது வேளைக்கு 180 கிராம். பச்சையாகக் கிடைத்தால் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் என்பதால் சுமார் 800 கிராம். 4ஆம் நாளிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றி, 6ஆம் நாளில் 8 மணி நேரத்துக்கு ஒரு வேளையாகக் குறைத்து, காய்ந்தது வேளைக்கு 750 கிராமுக்குக் கொண்டுவரலாம். பத்து நாள் கடந்த பிறகு தின்கிற அளவுக்கு விடலாம். தானியம் அதற்கும் வெகுநாள் கழித்துத்தான். தண்ணீர் எப்போதும் வாளியில் இருக்க வேண்டும்.

180 கிராம் காய்ந்த தழை என்பது இரண்டு கையில் அள்ளினால் வருகிற அளவு. குதிரை அதை ஐந்து நிமிடத்தில் தின்றுவிட்டுக் கையை முகர்ந்துகொண்டே நிற்கும், முன்னங்காலால் தரையைத் தட்டும். அப்போது இன்னொரு கை அள்ளிப் போடாமல் திரும்பி வருவது, இந்த வேலையில் எல்லாவற்றையும்விடக் கடினம். புதிதாக வருகிறவர்களை முதல் முறைக்குத் தனியாக அனுப்பாததற்குக் காரணம் அதுதான்.

நம் களிமண்ணில் தண்ணீர் நிற்பதால் குதிரை மசால் வேர் அழுகிவிடும். காய்ந்ததை மேற்கு மாவட்டங்களிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். தேறிய பிறகு தினசரித் தீவனத்துக்கு நம்மூர் அருகம்புல்லைப் போல ஒன்றில்லை. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, ஈரம் நீக்கிய கணக்கில். வரப்புப் புல் அறுக்கும் அக்காக்களிடம் ஒரு கேள்வி கேட்காமல் புல்லுக்கட்டு வாங்காதீர்கள்: "வயக்காரர் எப்ப மருந்தடிச்சாரு?" குறுவை நடவு முடிந்த சமயத்தில் வரப்பு முழுக்கக் களைக்கொல்லி இருக்கும். வைக்கோல் எவ்வளவு வேண்டுமானாலும் சும்மா கிடைக்கும், ஆனால் அதில் சத்தும் இல்லை. தேய்ந்த பல்லுள்ள கிழக்குதிரை அதை மெல்லாமல் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

தவிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரைஸ் மில் தோறும் தவிடு இருப்பதால் தினமும் இரண்டு கிலோ கரைத்து வைக்கும் பழக்கம் இங்கே உண்டு. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். சில மாதத்தில் முக எலும்பு இரண்டு பக்கமும் வீங்கி, மெல்ல முடியாமல் போகும். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட்டும் கால்சியத்தைச் சேரவிடாது. அந்தப் புல்லையே முழுத் தீவனமாக்கித் தவிட்டையும் கொடுத்தால் கேடு இரட்டிப்பு. சவுண்டல் தழை ஆட்டுக்கு நல்லதுதான், குதிரைக்குப் போட்டால் பிடரியும் வாலும் கொட்டிப்போகும். அரளி சில இலைகளே உயிரைக் குடிக்கும், கோயில் நந்தவனத்தை ஒட்டி மேய விடாதீர்கள். கோழித் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து சிறிது உள்ளே போனாலே குதிரையின் இதயம் கெட்டுவிடும். சாக்கு மாறிப்போவதால்கூட இது நேரும்.

தளைப் புண்ணைச் சொல்கிறேன். நைலான் கயிறு மாதக்கணக்கில் அறுத்து, தோல் அதன்மேல் மூடியிருக்கும். வெளியே தெரிவது ஒரு முடிச்சும் கொஞ்சம் சீழும்தான். மயக்க மருந்து கொடுக்க மருத்துவர் இருப்பது நல்லது. ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துப் பேசிக்கொண்டே நிற்க, மற்றவர் தோள் பக்கத்தில் குந்தியிருக்க வேண்டும், மண்டியிடக் கூடாது. மண்டியிட்டால் விலக நேரமிருக்காது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒன்றரை டீஸ்பூன். துணியை நனைத்து இருபது நிமிடம் சுற்றி வைத்தால் காய்ந்த சீழ் ஊறி, முடியோடு ஒட்டியிருந்த கயிறு நெகிழும். முதலில் இரண்டு காலுக்கும் நடுவிலுள்ள துண்டை வெட்டுங்கள், வெட்டியதும் ஒதுங்கிக்கொள்ளுங்கள், குதிரை துள்ளும். அடங்கிய பிறகு ஒவ்வொரு வளையமாக, முனை மழுங்கிய கத்தரியைக் கயிற்றுக்கடியில் செலுத்தி வெட்டலாம். ஈ முட்டையிட்டுப் புழு வைத்திருந்தால் டர்பன்டைன் தோய்த்த பஞ்சைச் சில நிமிடம் காட்டி, வெளியே வரும் புழுக்களை இடுக்கியால் எடுத்து, உப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். டர்பன்டைனை உள்ளேயே விட்டால் நல்ல சதை வெந்துபோகும். முழங்காலுக்குக் கீழே குதிரைக்குப் புண் ஆறும்போது சிவந்த சதை தோலுக்கு மேலே பூத்துத் தோலை மூடவிடாது. சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பினால் அது இன்னும் வளரும். அழுத்திக் கட்டுவதும் வேண்டுமானால் வெட்டி எடுப்பதும் மருத்துவர் வேலை. சேறும் சாணமும் பட்ட புண் என்பதால் டெட்டனஸ் ஊசி குதிரைக்குக் கட்டாயம், கூட வேலை செய்கிறவர்களுக்கும் கட்டாயம்.

தளை போன பிறகும் சில குதிரைகள் இரண்டு மூன்று நாள் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தத்தித் தத்தியேதான் நகரும். நாலாம் நாள் ஒரு காலை மட்டும் முன்னால் எடுத்து வைக்கும். கொட்டகையில் அன்றைக்கு யார் முறையோ அவர் மற்ற எல்லாருக்கும் போன் பண்ணிவிடுவார்.

புதுக்குதிரையைக் குறைந்தது 21 நாள் தனியாகக் கட்ட வேண்டும். தனி வாளி, தனிக் கயிறு, கடைசியாகத்தான் அதனிடம் போக வேண்டும். மூக்கில் மஞ்சளாகச் சளியும் புண்ணும், தோலில் வரிசையாகக் கட்டிகளும் இருந்தால் கிளாண்டர்ஸாக இருக்கலாம். அது மனிதருக்கும் வரும், குதிரைக்குச் சிகிச்சை கிடையாது. ரத்த மாதிரி ஹரியானாவில் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்குப் போகும். உறுதியானால் கருணைக்கொலைதான், மறைப்பது சட்டப்படி குற்றம். அந்த நாளில் அழுகிறவர்களை வேலை சொல்லி விரட்டாதீர்கள், அவர்களோடு உட்காருங்கள்.

ஐப்பசி மழை வந்துவிட்டால் பாடு குளம்புக்கு. குளம்புச் சுவர் மாதம் 8 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தரம் சீவி அரம் போட வேண்டும். அடியில் நடுவே முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதியின் இரு ஓரப் பள்ளங்களில் சேறு தங்கினால் கறுப்பாக அழுகி நாறும். தினம் இருமுறை குளம்புக் கொக்கியால் சுரண்டி, கழுவி, துணியால் ஒற்றிக் காயவைத்துப் போவிடோன் அயோடின் தடவினால் ஆறும். கால் மறுபடி சேற்றில் நின்றால் எந்த மருந்தும் நிற்காது. எனவே மழைக்கு முன்பே செங்கல் ஜல்லியும் செம்மண்ணும் கொட்டி இரண்டடி மேடு கட்டிவிட வேண்டும். மேலே விரிக்கத் தென்னை நார்க்கழிவு நல்லது. உமி கிடைத்தால் தூசி போகச் சலித்துப் போடலாம். வேதாரண்யம் பக்கம் மணல் தரையில் புல்லை அப்படியே போட்டால் மணலும் சேர்ந்து குடலில் தங்கும், தொட்டியில் போடுங்கள். கொசுவுக்கு நொச்சி, வேப்பிலைப் புகை போடுவதென்றால் கொட்டகைக்கு வெளியே. மூடிய இடத்தில் புகை குதிரையின் நுரையீரலுக்கு ஆகாது.

வயிற்றுவலி வந்தால் குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், புரளும், லத்தி நின்றுபோகும். குதிரைக்கு வாந்தி வராது, உள்ளே போனது திரும்பாது. மாட்டுக்குப் பழகியவர்கள் மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்ற வருவார்கள். குதிரைக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவர் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கொடுப்பார்.

இத்தனை வேலைக்கு யார் வருவார்கள் என்ற கேள்விக்கு டெல்டாவில் பதில் எளிது. ஓய்வுபெற்ற வாத்தியார்களுக்கு விடியற்காலை 6 மணி முறை பிடிக்கும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரவு 10. பால் கறக்க எழுகிறவர்கள் 2 மணியை ஒட்டி வந்துவிட்டுப் போவார்கள். ஜட்கா ஓட்டிய பெரியவர் யாராவது ஊரில் இருந்தால் வீடு தேடிப் போய்க் கூப்பிடுங்கள். குதிரையின் காதைப் பார்த்தே அதன் மனசைச் சொல்லிவிடுவார். "தம்பி, கயித்த கையில சுத்தாதே, அது ஓடுனா உன் விரலும் கூட ஓடும்" என்று அவர் ஒரு தரம் சொன்னால் போதும், யாரும் மறக்க மாட்டார்கள். வேலை இல்லாமல் வீட்டில் முடங்கியிருந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போனபின் தனியாக இருக்கும் அம்மாக்கள், பேச்சே வராத பையன்கள் எல்லாரும் இங்கே ஒட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: அவர்கள் வராவிட்டால் அந்த வேளை தீவனம் தவறும், வந்தால் தவறாது. தங்களைச் சார்ந்து ஒரு உயிர் மணி பார்த்துக் காத்திருப்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்துப் பேர் வந்து தடவிக்கொடுத்துப் படம் எடுப்பதைவிட, செவ்வாய்க்கிழமை பகல் 2 மணிக்குத் தவறாமல் வரும் ஒருவரே குதிரைக்கு நல்லது. தன்னைப் பிடித்துத் தளை போட்ட கைகளையே பார்த்து வந்த மிருகம், ஒரே நேரத்தில் ஒரே குரலோடு வரும் ஆளைத்தான் நம்பத் தொடங்கும்.

வேளைக்கு வேளை ஆள் மாறுவதால்தான் கொட்டகையில் கரும்பலகை. மணி, தீவனம் எத்தனை கிராம், தின்றதா, வாளியில் எவ்வளவு தண்ணீர் குறைந்தது, லத்தி எத்தனை தரம், ஈறு நிறம், கையெழுத்து. நல்ல நிலையில் ஒரு குதிரை நாளைக்கு 8 முதல் 12 தரம் லத்தி போடும். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மட்டக்குதிரைக்குக் கொஞ்சம் கூடுதல். மூச்சு 8 முதல் 16. காய்ச்சல் கருவி 38.5 டிகிரிக்கு மேல் காட்டினால் உடனே போன். ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும்.

ராத்திரி ரெண்டு மணி முறைக்கு வருகிறவர் டார்ச்சை முகத்துக்கு நேராக அடிக்கக் கூடாது, தரையில் அடித்துக்கொண்டு வர வேண்டும். பாம்புக்கும் அதுதான் நல்லது. படல் திறக்கும் முன்பே பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், பின்பக்கமாகப் போகாமல் தோள் பக்கமாகப் போக வேண்டும். இரண்டு கை தழை, எடைபோட்டது. தின்று முடிக்கும்வரை நின்றுவிட்டு, வாளியைப் பார்த்துவிட்டுப் பலகையில் எழுதலாம்: '2.00. 180 கிராம். தின்றது. தண்ணீர் அரை வாளி. லத்தி 1, உருண்டை, ஈரம் உண்டு.' அதற்குக் கீழே 6 மணிக்காரர் பெயர்.